பெருந்தொற்று விட்டுச் சென்ற இடைவெளி: பிள்ளைகளின் படிப்பும் உடல்நலமும்

ஆலங்காயத்திலிருந்தும், அதைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும், ஜவ்வாதுமலையின் மேலுள்ள சிற்றூர்களிலிருந்தும் குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோர் எங்கள் புறநோயாளர் பிரிவில் சொல்லும் குறைகளுள் சில, அண்மை ஆண்டுகளில் மிகுதியாகக் கேட்கின்றன. "பள்ளி நாட்களில் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான், ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை." "ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள்." "செல்போனை வாங்கி வைத்தால் சாப்பிட மாட்டேன் என்கிறான்." "ஞாபக சக்திக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுங்கள்."

இவை வெவ்வேறு நோய்களாகத் தோன்றலாம். ஆயினும் இக்குழந்தைகளுள் பலரிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தால், கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அறுந்துபோன படிப்பு இன்னும் ஒட்டப்படாமலே இருப்பது தெரியவருகிறது. மருந்தால் தீராத இக்குறை, முறையான பயிற்சியால் பெருமளவு தீரக்கூடியது. காலம் கடந்துவிட்டது என்று பெற்றோர் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எத்தனை மாதங்கள், எந்த மாதங்கள்?

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 17 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. 10, 12-ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11-ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் திறக்கப்பட்டன. இரண்டாம் அலை அவற்றையும் நிறுத்திவிட்டது. 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் நவம்பர் 1 அன்றும் மீண்டும் தொடங்கின. அதாவது, சிறு பிள்ளைகள் ஏறத்தாழ 19 மாதங்கள் வகுப்பறையைக் காணவில்லை. 2022 ஜனவரியில் மூன்றாம் அலையின்போது மேலும் சில வாரங்கள் வகுப்புகள் நின்றன.

எத்தனை மாதங்கள் போயின என்பதைக் காட்டிலும், எந்த வயதில் போயின என்பதே முக்கியம். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தை, 2025-26 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் இருக்கிறது. அக்குழந்தை எழுத்து கற்க வேண்டிய ஒன்றாம் வகுப்பு முழுவதும், சொல் சேர்த்து வாசிக்க வேண்டிய இரண்டாம் வகுப்பின் பெரும்பகுதியும் வீட்டிலேயே கழிந்தன. இவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவர், 2020 மார்ச்சில் நான்காம் வகுப்பில் இருந்தவர். வகுத்தலும் பின்னமும் உறுதிப்பட வேண்டிய ஐந்தாம் வகுப்பை அவர் பள்ளியில் பயிலவே இல்லை. தேர்வின்றி எல்லோரும் தேர்ச்சி பெற்றனர். வகுப்பு ஏறியது, பாடம் ஏறவில்லை.

அக்காலத்தில் கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. செல்போன் வழியாகவும் வகுப்புகள் நடந்தன. ஆனால் ஒரே செல்போன் உள்ள வீட்டில், அதைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் பிள்ளைக்கு வகுப்பு இல்லை. மலையிலுள்ள பல ஊர்களில் சிக்னலே இல்லை. தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் சுமார் 1,400 எளிய குடும்பங்களிடம் 2021 ஆகஸ்டில் நடத்தப்பட்ட ஆய்வில், கிராமப்புறக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினரே இணையவழியில் ஒழுங்காகப் படித்துவந்தனர் என்றும், 37 விழுக்காட்டினர் எதையும் படிக்கவில்லை என்றும் தெரியவந்தது.

பள்ளி திறந்த பின்னும் குறை ஏன் தீரவில்லை?

"பள்ளி திறந்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டனவே, தானாகச் சரியாகியிருக்க வேண்டாமா?" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. படிப்பு என்பது மாடிப்படி போன்றது. கீழே இரண்டு படிகள் உடைந்திருக்க, குழந்தையை ஐந்தாம் படியில் நிறுத்தி ஆறாம் படிக்கு ஏறச் சொன்னால் ஏற இயலாது. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்தே எட்டாமற்போகின்றன. வகுத்தல் தெரியாத மாணவருக்கு இயற்கணிதம் வெறும் குறியீடாகத் தெரிகிறது. வகுப்பு முன்னே செல்லச் செல்ல, குழந்தை அதே இடத்தில் நிற்கிறது. இடைவெளி ஆண்டுதோறும் விரிகிறது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அங்கே பள்ளிகள் சராசரியாக 14 வாரங்களே மூடியிருந்தன. வீடுகளும் சாலைகளும் மீண்டும் கட்டப்பட்டுவிட்ட நிலையில், நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் குழந்தைகளைச் சோதித்தனர். நிலநடுக்கப் பகுதியில் வாழ்ந்த பிள்ளைகள் மற்றவரைவிட ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் படிப்பில் பின்தங்கியிருந்தனர். இழந்த பாடத்தை யாரும் திரும்பக் கற்பிக்காததால், மூன்று மாத இழப்பு அவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது.

நம் மாநிலத்தில் கிடைத்த சான்று

நல்ல செய்தியும் உண்டு; அதுவும் நம் தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றல் நிலையை ஆராய்ந்தனர். பெருந்தொற்றுக்கு முன்பே, 2019-இல், அதே ஊர்களில் அளவெடுத்திருந்ததால், முன்னும் பின்னும் ஒப்பிட அவர்களால் முடிந்தது. 2021 டிசம்பரில் பார்த்தபோது, அதே வயதுக் குழந்தைகள் முன்னிருந்ததைவிட மிகவும் பின்தங்கியிருந்தனர். தமிழைவிடக் கணக்கில் இழப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது.

அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் விளைந்தது என்று அவர்கள் மதிப்பிட்டனர். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலை வேளையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், குழந்தைகளின் வீட்டருகிலேயே கற்பித்தனர். பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை. குழந்தையின் நிலையறிந்து, நாள்தோறும் சிறிது நேரம் கற்பித்தால் இழந்தது மீளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் மீண்டது மூன்றில் இரண்டு பங்கே. மீதமுள்ள பங்கு எல்லாக் குழந்தைகளிடமும் சமமாகப் பரவியிருக்கவில்லை. வீட்டில் உதவ ஆளில்லாத பிள்ளைகளிடமே அது கூடுதலாகத் தங்கியிருக்கும் என்று கருத இடமுண்டு. 'அசர்' என்னும் நாடளாவிய கிராமப்புறக் கல்வி ஆய்வு, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியோர் 2018-இல் 10.2 விழுக்காடு என்றும், 2022-இல் 4.8 விழுக்காடு என்றும் காட்டியது. பெருந்தொற்றுக்கு முன்பும் நிலைமை நன்றாக இருக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை, இருந்ததும் பாதியாயிற்று. இந்திய அளவில் அதே கணக்கு 2018-இல் 27.3, 2022-இல் 20.5, 2024-இல் 27.1 விழுக்காடு. மீண்டுவிட்டோம் என்று இதைப் பார்த்து மகிழலாம். எனினும் 2024-இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள், பள்ளி திறந்த பிறகு சேர்ந்த வேறு குழந்தைகள். 2022-இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள்தாம் இன்று ஆறாம் வகுப்பில் இருப்பவர்கள். அவர்களைத் தனியே கவனித்தாக வேண்டும்.

பள்ளி தந்தது பாடம் மட்டுமன்று

மருத்துவர் என்ற முறையில் நாங்கள் இன்னொன்றையும் கவனிக்கிறோம். பள்ளி மூடியபோது சத்துணவுக் கூடத்தின் சூடான மதிய உணவு நின்றது. அதற்கு மாற்றாக உலர் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையும், குடற்புழு நீக்க மாத்திரையும் பல பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சென்று சேரவில்லை. இரத்தசோகை உள்ள குழந்தை சோர்ந்திருக்கும், கவனம் நிலைக்காது. அதைச் "சோம்பேறி" என்று திட்டுவதால் பயனில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கண்ணும் அவ்வாறே. சீனாவின் ஃபெய்ச்செங் நகரில் நடந்த ஆய்வில், 2015 முதல் 2019 வரை ஆறு வயதுக் குழந்தைகளிடம் கிட்டப்பார்வை அதிகபட்சம் 5.7 விழுக்காடாக இருந்தது. வீட்டில் அடைபட்டிருந்த பின், 2020-இல், அது 21.5 விழுக்காடாக உயர்ந்தது. வெயில் வெளிச்சத்தில் விளையாடுவது குறைந்ததும், அருகில் வைத்துத் திரையைப் பார்ப்பது கூடியதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. கரும்பலகை தெரியாத குழந்தைக்குப் பாடமும் புரியாது. கண்ணாடி தேவைப்படும் பள்ளி மாணவர்களுக்கு அரசு அதை இலவசமாக வழங்குகிறது.

மனத்தின் சுமையும் சிறிதன்று. உலகின் பல நாடுகளில் 80,000-க்கு மேற்பட்ட சிறுவர், இளையோரிடம் நடந்த 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெருந்தொற்றின் முதலாண்டில் நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், ஐவரில் ஒருவரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். தந்தையின் வேலை போனதையும், வட்டிக்குக் கடன் வாங்கியதையும், வீட்டில் சண்டை வளர்ந்ததையும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

காலை நேர வயிற்றுவலி

பள்ளிக்குப் புறப்படும்போது வரும் வயிற்றுவலியைப் பெற்றோர் பலரும் நடிப்பு என்று கருதுகின்றனர். அது பெரும்பாலும் நடிப்பன்று. குடலுக்கும் மூளைக்கும் இடையே நெருங்கிய நரம்புத் தொடர்பு உள்ளது. அச்சம் மிகும்போது குடலின் இயக்கம் மாறுகிறது. சிறு அசைவும் வலியாக உணரப்படுகிறது. வாசிக்கச் சொல்லி எழுப்பினால் எல்லோர் முன்பும் திணற வேண்டும் என்று அறிந்த குழந்தைக்கு, அந்த அச்சம் நாள்தோறும் காலையில் வருகிறது. குழந்தைக்குத் தன் அச்சத்தைச் சொல்லத் தெரியாது; வயிறு வலிக்கிறது என்று மட்டுமே சொல்லத் தெரியும்.

எனினும் எல்லா வயிற்றுவலியையும் மனத்தின் மேல் போட்டுவிடக் கூடாது. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், வளர்ச்சி தடைப்படுதல், தொடர்ந்த வாந்தி, மலத்தில் இரத்தம், காய்ச்சல், தொப்புளைச் சுற்றியன்றி ஒரு பக்கமாகவே வரும் வலி, மூட்டு வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். இவை எவையும் இல்லை என்று சோதித்து அறிந்த பிறகு, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதே மருத்துவம். வலிக்கிறது என்று வீட்டில் நிறுத்தினால், அன்றைக்கு அச்சம் தணியும். மறுநாள் இரு மடங்காகத் திரும்பும். வலியை நம்புகிறோம் என்று குழந்தையிடம் சொல்லுங்கள். அதே வேளையில் பள்ளிக்கும் அனுப்புங்கள்.

"மூளை பாதிக்கப்பட்டுவிட்டதா?"

கொரோனா வந்ததால் பிள்ளையின் மூளை கெட்டுவிட்டதோ என்று அஞ்சுவோர் உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்நோய் இலேசாகவே வந்து சென்றது. நோயே வராத குழந்தைகளிடமும் இதே கற்றல் இடைவெளி காணப்படுகிறது. தடுப்பூசியால் வந்ததோ என்று கேட்போரும் உண்டு. இந்தியாவில் 15 வயது நிறைந்தோருக்கு 2022 ஜனவரி 3 முதலும், 12 வயது நிறைந்தோருக்கு மார்ச் 16 முதலும் தடுப்பூசி போடப்பட்டது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது ஏழெட்டு வயதினர். அவ்வயதுக்கு அத்திட்டம் விரிவாக்கப்படவே இல்லை. ஆகவே இந்த ஐயத்துக்கு இடமில்லை.

சந்தையில் பெற்றோருடன் அமர்ந்து புளியும் சீத்தாப்பழமும் விற்றுச் சில்லறையைச் சரியாகத் தரும் பிள்ளை, அதே கழித்தலைத் தாளில் எழுதினால் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. அறிவு இருக்கிறது, எழுத்துக் கணக்காக அதை மாற்றும் பயிற்சிதான் இல்லை. ஞாபக சக்திக்கென விற்கப்படும் டானிக்குகள் இதைத் தராது. அதற்குச் செலவிடும் பணத்தை முட்டைக்கும் பயறுக்கும் செலவிடலாம்.

சில குழந்தைகளுக்கு 'டிஸ்லெக்சியா' போன்ற கற்றல் குறைபாடு பிறவியிலேயே இருக்கும். பெருந்தொற்று இடைவெளியையும் இதையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. குழந்தையின் நிலைக்கேற்ற பயிற்சியை ஆறு மாதங்கள் ஒழுங்காகக் கொடுத்துப் பாருங்கள். இடைவெளி மட்டுமே காரணமென்றால் முன்னேற்றம் தெளிவாகத் தெரியும். அப்படியும் எழுத்துகள் மனத்தில் நில்லாமலும், எழுத்துகளை இடம் மாற்றியே எழுதியும் வந்தால், உரிய பரிசோதனைக்கு அழைத்துவர வேண்டும். குறைபாடு உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உதவி முதலிய சலுகைகள் கிடைக்கும்.

வீட்டிலேயே அறியும் முறை

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கால் மணி நேரத்தில் அறியலாம். தம்பி தங்கையர் முன்னிலையில் செய்ய வேண்டாம். தேர்வு என்று சொல்லவும் வேண்டாம்.

இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில், பிள்ளை மனப்பாடம் செய்திராத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடையின்றி வாசித்து, கதையைத் தன் சொற்களில் சொன்னால் அடிப்படை உறுதியாக உள்ளது. திணறினால் ஒரு சிறு வாக்கியம். அதிலும் திணறினால் ஒரு சொல். அதுவும் இயலாவிட்டால் தனி எழுத்து. எங்கே தடையின்றி வாசிக்கிறதோ அதுவே தொடங்க வேண்டிய இடம். கணக்கிலும் இப்படியே: முதலில் இரண்டிலக்க எண்களைப் படித்தல், பிறகு கடன் வாங்கிக் கழித்தல், பிறகு வகுத்தல்.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் தயங்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ, வகுப்பாசிரியரோ இதைச் செய்து தருவர். பிள்ளை வாசித்ததை உங்களிடம் கதையாகச் சொல்லக் கேட்பது நீங்களே செய்யக்கூடியது. அதன் பயன் மிகப் பெரிது.

என்ன செய்யலாம்?

முதலாவது, வகுப்பாசிரியரிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு நில்லாமல், "என் பிள்ளை எந்த நிலையில் வாசிக்கிறது?" என்றும் கேளுங்கள். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கின்றனர். ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்பினருக்காக 2025-இல் 'திறன்' என்னும் பயிற்சி தொடங்கப்பட்டுள்ளது. பிள்ளையை அடிப்படைப் பயிற்சிக் குழுவில் சேர்த்தால் அதை அவமானமாகக் கருத வேண்டாம்.

இரண்டாவது, நாள்தோறும் அரை மணி நேரம், ஒரே வேளையில், பிள்ளையின் நிலைக்கேற்ற வாசிப்பும் கணக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகமா என்று கூச வேண்டாம். டியூஷனுக்கு அனுப்பினால், வீட்டுப்பாடத்தை முடித்துத் தருவதோடு நில்லாமல், விடுபட்ட இடத்திலிருந்து தொடங்குமாறு சொல்லுங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளையென்றால், மாதம் ஒருமுறையேனும் ஆசிரியரையும் காப்பாளரையும் பார்த்துப் பேசுங்கள். விடுமுறையில் வரும்போது அந்த அரை மணி நேரத்தை வீட்டிலும் தொடருங்கள்.

மூன்றாவது, உறக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், அதற்கு மேற்பட்ட இளையோருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனைப் பெரியவர்கள் உட்பட எல்லோரும் ஓரிடத்தில் வைத்துவிடுவது நல்ல பழக்கம். பகலில் இரண்டு மணி நேரமாவது வெளிச்சத்தில் விளையாடட்டும்.

நான்காவது, ஒப்பீட்டை நிறுத்துங்கள். "உன் வயதில் அவள் எப்படி வாசிக்கிறாள் பார்" என்ற சொல் பிள்ளையின் அச்சத்தை வளர்க்குமேயன்றி வாசிப்பை வளர்க்காது. போன மாதம் சொல்லைக் கூட்டி வாசித்தவன் இந்த மாதம் வாக்கியத்தை வாசித்தால், அதை அவனிடம் சொல்லிக் காட்டுங்கள்.

பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள்

எங்களுக்கு மிகுந்த கவலை தருவோர் பதினான்கு, பதினைந்து வயதினர். வாசிக்க இயலாமல் ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிட்ட பிள்ளை, பொதுத்தேர்வை நினைத்து அஞ்சி நின்றுவிடுகிறது. சிறுவனென்றால் பெரியவர்களுடன் வெளியூர் வேலைக்கோ தொழிற்சாலைக்கோ செல்கிறான். சிறுமியென்றால் திருமணப் பேச்சு எழுகிறது. பதினாறு வயதில் கருவுற்று, இரத்தசோகையோடும் உயர் இரத்த அழுத்தத்தோடும் வரும் சிறுமிக்கு மருத்துவம் செய்யும்போது, அவள் பள்ளியை விட்டு நின்ற நாளே இதன் தொடக்கம் என்பது எங்களுக்குத் தெரிகிறது. 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம்; உடல்நல நோக்கில் அது பேராபத்து.

நின்ற பிள்ளை திரும்பச் சேர வழி உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி 6 முதல் 14 வயது வரையிலான குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்க மறுக்க இயலாது. பத்தாம் வகுப்பில் தவறியவர் அடுத்து வரும் துணைத்தேர்வை எழுதலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

எப்போது உடனே வர வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் பிள்ளை யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருத்தல், உணவும் உறக்கமும் கெடுதல், முன்பு விரும்பிய விளையாட்டையும் வெறுத்தல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். சாவைப் பற்றிப் பிள்ளை ஒரு முறை பேசினாலும் அதை மிரட்டல் என்று ஒதுக்காமல், தனியே விடாமல், அன்றே அழைத்து வாருங்கள். வயலுக்கு வாங்கும் பூச்சிமருந்தை எப்போதும் பூட்டி வையுங்கள். இரவோ பகலோ மனநல ஆலோசனைக்கு 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழைக்கலாம். குழந்தைத் திருமணம், குழந்தைத் தொழில், வன்கொடுமை ஆகியவற்றைத் தெரிவிக்க 1098. கல்வி தொடர்பான ஐயங்களுக்கு 14417. மருத்துவ ஆலோசனைக்கு 104.

படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு எடை, உயரம், பார்வை, செவித்திறன், ஹீமோகுளோபின் ஆகியவற்றை ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. அதற்காக வரும்போது பழைய மருந்துச் சீட்டுகளோடு பிள்ளையின் தமிழ், கணக்கு நோட்டுகளையும் எடுத்து வாருங்கள். பிள்ளை எங்கே தடுமாறத் தொடங்கியது என்பதை அந்த நோட்டுகளில் பார்த்து, எங்கிருந்து தொடங்கலாம் என்பதை உங்களோடு அமர்ந்து பேசி முடிவு செய்வோம்.